ஊதுகிறவர்கள் யார்? ஐவர் பித்தளைக் குழுவைப் பற்றி இராமநாதபுரக் கரைக்கு ஒரு விளக்கம்

தொண்டியில் தொடங்கி பாம்பன், தங்கச்சிமடம் சுற்றி மூக்கையூர் வரைக்கும் எந்தக் கடற்கரை ஊரில் திருவிழா நடந்தாலும் மைக் ஓயாது. கொடியேற்றம் யார் உபயம், சப்பர அலங்காரம் யார் செலவு, அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தது எந்தக் குடும்பம் என்று ஒவ்வொரு பெயரும் தெருப் பெயரோடு வரும். பேண்டு செட்டின் முறை வந்ததும் செட்டின் பெயர் மட்டும் சொல்வார்கள். மிஞ்சிப்போனால் மாஸ்டரின் பெயர். முன்னால் நின்று டிரம்பெட் ஊதுகிறவர் யார், பின்வரிசையில் நின்று விடிய விடிய அடிச்சுரத்தைத் தாங்கியவர் யார் என்பது தேர் நிலைக்கு வந்த பிறகும் ஊருக்குத் தெரியாது.

மேற்கத்திய இசையில் ஒரு சிறு குழு வடிவம் உண்டு. அதில் இப்படி யாரும் மறைந்து நிற்க வழியே இல்லை. இரண்டு டிரம்பெட், ஒரு ஹார்ன், ஒரு டிராம்போன், ஒரு டியூபா. கருவி ஐந்து, ஆளும் ஐந்துதான். கோல் பிடித்து நடத்துகிறவர் கிடையாது, டிரம் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சுரம் எழுதியிருக்கும். அதை ஊத அவரை விட்டால் மேடையில் வேறு ஆள் இல்லை. அதனால்தான் இந்தக் குழுக்கள் மேடை ஏறும்போது ஐந்து பேரின் பெயரும் அவரவர் கருவியோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நம் கரைக்கும் அந்த வழக்கம் வர வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு முதலில் அந்த ஐவரும் என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். வேலை தெரியாமல் பெயரை மட்டும் கேட்டால் அது காதோடு போய்விடும்.

எல்லாம் உதட்டில் ஆரம்பிக்கிறது. பித்தளைக் கருவியில் ஒலியை எழுப்புவது பித்தளை அல்ல, வாசிப்பவரின் உதடுகள். இரண்டு உதட்டையும் சேர்த்து மூடி நடுவில் காற்றைத் தள்ளினால் அவை அதிரும். வாய்க்குமிழ் அந்த அதிர்வை வாங்கிக் குழாய்க்குள் அனுப்ப, குழாயின் நீளத்துக்கு ஒத்துப்போகும் சுரங்கள் மட்டும் நின்று முழங்கும். ஆர்கெஸ்ட்ராக்கள் சுதி சேர்க்கும் சுரத்துக்கு உதடு வினாடிக்கு 440 முறை அதிர வேண்டும். நாதஸ்வரத்தில் சீவாளி அதிர்கிறது, கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் நாணல் பட்டை அதிர்கிறது. சாக்ஸபோன் பளபளவென்று பித்தளையில் இருந்தாலும் இந்தக் குடும்பத்தில் சேராததற்குக் காரணம் இதுதான். பேண்டு செட்டில் எல்லாம் ஒரே வரிசையில் நிற்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

உதடு அதிர்ந்து ஒலிக்கும் கருவிகளில் மிகப் பழையவற்றில் ஒன்று சங்கு. மன்னார் வளைகுடாவின் அடியில் சங்கு குளித்து எடுக்கும் தொழில் இந்தக் கரையின் பழைய தொழில்களில் ஒன்று. கீழக்கரையிலிருந்தும் இராமேசுவரத்திலிருந்தும் சங்குகள் வளையல் அறுக்க வங்காளத்துக்குப் போயின. அதே சங்கின் நுனியை வெட்டி உதட்டில் வைத்தால் அது ஊதுகருவி. கோவில்களில் ஒலிக்கும் எக்காளம், கொம்பு, திருச்சின்னம் எல்லாமே இந்த வம்சம்தான். ஆகவே டிரம்பெட்டை வெள்ளைக்காரன் கொண்டுவந்த அந்நியச் சாமான் என்று ஒதுக்க நமக்கு நியாயமில்லை. உதட்டால் ஊதுகிற வித்தை இங்கே முன்பே இருந்தது; வெளியிலிருந்து வந்தது சுருட்டிய குழாயும் வால்வும்தான்.

சங்கில் ஒரு சுரம் வரும், பழகிய உதட்டுக்கு மேலே இன்னொன்று வரலாம். நீளமான குழாய் என்றால் கதை வேறு. உதட்டை இறுக்க இறுக்க, அதே குழாயிலிருந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சுரங்கள் ஏறும். நம் கணக்கில் சொன்னால் முதலில் ச, அதன் மேல்ஸ்தாயி ச, பிறகு ப, மறுபடி ச, க, ப. இடையில் ரி, ம, த எல்லாம் கீழே கிடைப்பதில்லை. ராணுவத்தின் பியூகிள் இந்தச் சில சுரங்களை வைத்தே காலையில் எழுப்பி இரவில் விளக்கணைக்கச் சொல்கிறது. மீதிச் சுரங்கள் வேண்டுமானால் குழாயின் நீளத்தை வாசிக்கும்போதே மாற்ற வேண்டும். டிராம்போன் அதை 15ஆம் நூற்றாண்டிலேயே சறுக்குக் குழாய் வைத்துச் சாதித்துவிட்டது. மற்றவற்றுக்கு விடிவு வந்தது 1818இல். பிரஷ்யாவில் ஸ்டோல்ட்செல், பிளூமெல் என்ற இருவரும் வால்வுக்கு, அதாவது அழுத்தினால் காற்றைக் கூடுதல் குழாய்வழியே திருப்பிவிடும் அமைப்புக்கு, காப்புரிமை வாங்கினார்கள். இன்று டிரம்பெட்டில் நாம் பார்க்கும் பிஸ்டன் அமைப்பு 1839இல் பாரிசில் பெரினே செய்ததன் வழியில் வந்தது. மூன்று வால்வு. நடு வால்வை அழுத்தினால் சுரம் அரை இடம் இறங்கும், முதல் வால்வுக்கு முழு இடம், மூன்றாவதுக்கு ஒன்றரை. சேர்த்துச் சேர்த்து அழுத்தினால் எல்லாச் சுரமும் கைக்குள். அதாவது ஐவர் குழு இன்றைய வடிவில் சாத்தியமாகி இருநூறு ஆண்டுதான் ஆகிறது.

இனி ஆட்களைப் பார்ப்போம்.

முதல் டிரம்பெட் ஊதுகிறவர்தான் எல்லார் கண்ணிலும் படுகிறவர். மெட்டு பெரும்பாலும் அவர் கையில். குழாயைப் பிரித்து நீட்டினால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். ஐந்தில் இதுதான் குட்டை, அதனால் சுரம் உயரம். நடத்துநர் இல்லாத குழுவில் தொடக்கம் காட்டும் பொறுப்பும் வழக்கமாக அவருக்குத்தான். கை இரண்டும் கருவியில் இருப்பதால் மூச்சால்தான் காட்ட வேண்டும். என்ன காலத்தில் பாட்டு நடக்கப்போகிறதோ அதே காலத்தில் மூச்சை இழுப்பார், டிரம்பெட்டின் வாய், அதாவது விரிந்த முனை, லேசாக எழும்பும், மற்ற நால்வரும் அந்த மூச்சைப் பார்த்துத் தங்கள் மூச்சை இழுப்பார்கள். கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டின் ஒரு அடியில் ஒன்றாக மூச்சுப் பிடித்துக் கயிற்றை வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

அவருடைய பெரிய கவலை உதடு. வாய்க்குமிழின் விளிம்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் குறையும், தசை சோரும், உயரச் சுரம் நழுவும். வாசித்து முடித்தவர் வாயைக் கிட்டத்தில் பார்த்தால் உதட்டின் நடுவே வட்டமாகச் சிவந்த தடம் தெரியும். பேண்டு செட்டில் இரண்டு மூன்று டிரம்பெட் இருந்தால் ஒருவர் ஓய்ந்தபோது இன்னொருவர் பிடிப்பார், அந்த நேரத்தை டிரம்காரர்கள் நிரப்புவார்கள். ஐவர் குழுவில் அந்த நிழல் இல்லை. அதனால் நிகழ்ச்சியின் பாட்டு வரிசையையே உதட்டைக் கணக்கில் வைத்துத்தான் போடுவார்கள்: கனமான ஒன்றுக்குப் பின் மெல்லிய ஒன்று, அதற்குப் பின் யாராவது பேசுவது. குழுவினரே எழுந்து ஒருவரையொருவர் அறிமுகம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த மூன்று நிமிடம் நான்கு உதடுகளுக்கு ஓய்வு.

இரண்டாம் டிரம்பெட் மேல் எனக்குத் தனி மதிப்பு. அதே கருவிதான், அதே திறமை வேண்டும். ஆனால் மெட்டு தன் கையில் இருக்கும் நேரம் குறைவு. முதலாமவர் ஊதும் சுரத்துக்குக் கீழே ஒன்று நின்று இணைய வேண்டும், அவர் ஒலியின் நிறம் மாறினால் இவரும் மாற்ற வேண்டும், அவர் சுதி இழுபட்டால் கேட்பவருக்குத் தெரியாதபடி இவர் சரிக்கட்ட வேண்டும். பல பாட்டில் இருவரும் கேள்வியும் பதிலுமாக வருவார்கள். அப்போது எது முதல் எது இரண்டு என்று கண்ணை மூடிக் கேட்டால் பிரிக்க முடியக் கூடாது. பல குழுக்களில் இரு டிரம்பெட்டும் எதிரெதிராக உட்காருவது ஒருவரையொருவர் கேட்கத்தான்.

ஹார்ன் நம் கரைக்குப் புதிய முகம். வட்டமாகச் சுருண்டு, வாய் பின்பக்கம் பார்க்கும் கருவி. நம் ஊர்ப் பேண்டு செட்டுகளில் இதைக் காண்பது அரிது; தெருவில் நடந்துகொண்டே ஊதுவதற்கு இது இசையாது. அடிப்படைக் குழாய் நீளம் 3.7 மீட்டர், ஏறத்தாழ 12 அடி. டிரம்பெட்டைவிட இரண்டரை மடங்கு நீளமான குழாய், ஆனால் அதில் வாசிக்கும் சுரங்கள் பெரும்பாலும் மேல் அடுக்கில். மேலே போகப் போகச் சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிடும். உதடு ஒரு மயிரிழை பிசகினால் பக்கத்துச் சுரத்தில் போய் விழும். ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் பிசிறு தட்டியதாக அடிக்கடி கேட்பது வாசிப்பவர் கத்துக்குட்டி என்பதால் அல்ல, கருவியின் இயல்பு அப்படி. ஒவ்வொரு சுரத்தையும் மனதில் முன்பே பாடிப் பார்த்துவிட்டுத்தான் ஊத முடியும்.

இன்னொரு விசேஷம் கை. வால்வு உள்ள மற்ற எல்லாரும் வழக்கமாக வலது கையால் அதை அழுத்த, ஹார்ன்காரர் இடது கையால் அழுத்துவார். வலது கை கருவியின் வாய்க்குள் இருக்கும். வால்வு வருவதற்கு முன்பு, 18ஆம் நூற்றாண்டின் நடுவில், டிரெஸ்டன் நகரத்து ஹாம்ப்பெல் என்பவர் கையை உள்ளே வைத்துத் திறந்தும் மூடியும் இல்லாத சுரங்களை வரவழைக்கும் முறையைச் சீர்செய்தார். வால்வு வந்த பிறகும் கை அங்கேயே தங்கிவிட்டது. ஒலியை மெத்தென்று ஆக்குவதும், சுதியை இழை பிசகாமல் திருத்துவதும் இன்றும் அந்தக் கைதான். டிரம்பெட்டின் கூர்மைக்கும் டிராம்போனின் கனத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒட்டுகிற ஒலி வேறு எதிலும் கிடைக்காது. குழுவில் ஐந்தும் ஒன்றாகக் கேட்கிறதென்றால் ஹார்ன் ஒழுங்காக வேலை செய்கிறது என்று பொருள்.

வாய் பின்னால் பார்ப்பதால் ஹார்னுக்குப் பின்னே ஒரு சுவர் வேண்டும். ஒலி சுவரில் பட்டுத் திரும்பினால்தான் முன்னால் இருப்பவருக்குக் கேட்கும். கடற்கரை மணலில் பந்தல் போட்டு உட்கார வைத்தால் நால்வர் ஊதுவது கேட்கும், ஹார்ன்காரர் ஊதுவதைக் காற்று கொண்டுபோய்விடும். ஆடி மாதம் கச்சான் அடிக்கும்போது கேட்கவே வேண்டாம். ஜூலை 25 புனித யாகப்பர் திருநாள். தங்கச்சிமடம் வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் கோவிலில் திருவிழா அந்தக் காற்றில்தான் வரும். அப்படிப்பட்ட நாளில் இந்தக் குழு உட்கார வேண்டிய இடம் கோவிலுக்கு உள்ளே. உயர்ந்த கூரையும் பூச்சுச் சுவரும் ஒலியைத் தாங்கிப் பிடித்து ஒரு கணம் நீட்டித் தரும்.

இந்தக் கலவை தேவாலயத்துக்கு அந்நியமும் அல்ல. வெனிசும் கடல் வணிக ஊர்தான். அங்கே புனித மாற்கு தேவாலயத்தில் ஜொவான்னி காப்ரியேலி, மாடங்களில் எதிரெதிராக நிறுத்திய குழுக்களுக்கு இசை எழுதினார். 1597இல் அச்சான அவருடைய தொகுப்பில், எந்தப் பகுதியை எந்தக் கருவி ஊத வேண்டும், எங்கே மெல்ல, எங்கே உரக்க என்பதையும் குறித்துவைத்தார். அந்தக் காலத்தில் இது அபூர்வம். இன்றைய ஐவர் குழுக்கள் அவர் எழுதியதைத் தங்களுக்கு ஏற்ப மாற்றி இன்னமும் வாசிக்கின்றன.

டிராம்போனுக்கு வருவோம். நான்காவது ஆள். இவருக்கு வால்வு வேண்டாம், கை போதும். சறுக்குக் குழாயில் ஏழு நிலை; கையை உள்ளே இழுத்தால் முதல் நிலை, முழுக்க நீட்டினால் ஏழாவது. ஒவ்வொரு நிலைக்கும் சுரம் அரை இடம் இறங்கும். குழாயில் கோடு எதுவும் கிடையாது. வயலின்காரர் விரலை வைக்குமிடம் காதால் அறிவதைப் போலவே இவரும் நிறுத்துமிடத்தைக் காதால் அறிய வேண்டும். நீட்டிய கையின் முன் யாரும் நிற்க முடியாது. ஊர்வலப் பேண்டுகளில் டிராம்போன்காரர்களை முன்வரிசையில் விடுவதற்கு இதுவே காரணம்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஐந்தில் மனசுக்கு நெருங்குவது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு இழைந்து போகும் ஜாரு வால்வுக் கருவிக்குப் பெரும் பாடு. டிராம்போனுக்குப் பிறவிக் குணம். கமகத்தை வேகமாக அசைப்பது அதற்கும் கடினம்தான், கை அவ்வளவு தூரம் ஓட வேண்டும். ஆனால் நிதானமான ராகத்தில் அது பேசுகிற பேச்சு மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வரும். அதன் குரலில் துக்கமும் தங்கும். 1812இல் லின்ஸ் நகரத் தேவாலயத்தின் இசைத் தலைவர் கேட்டுக்கொண்டதால், இறந்தோர் நினைவு நாளுக்காகப் பீத்தோவன் நான்கு டிராம்போன்களுக்கு மூன்று சிறு துண்டுகள் எழுதினார். 1827இல் அவருடைய சவ ஊர்வலத்திலேயே அவற்றில் இரண்டு ஒலித்தன. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தியோடு மணற்காட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் நம் ஊர்களுக்கு இந்தச் செய்தி அந்நியமாகத் தோன்றாது. கல்யாணத்துக்கு வரும் அதே பேண்டுக்காரர்கள் சாவுக்கும் வருகிறார்கள். தாளம் குறைந்து, அடி நிதானமாகி, அதே உதடுகள் வேறு ஒன்றைச் சொல்கின்றன.

ஐந்தாமவர் டியூபா. 1835இல் பெர்லினில் வீப்ரெஷ்ட், மோரிட்ஸ் இருவரும் காப்புரிமை வாங்கிய கருவி. ஐந்தில் வயதில் இளையது, உடம்பில் பெரியது. நீளம் கருவிக்குக் கருவி மாறும். பெரியவற்றில் குழாய் 16 அடி, 18 அடி வரை போகும். அதை நிரப்பக் காற்று அதிகம் வேண்டும். அதனால் டியூபாகாரர் மூச்சு எடுக்கும் இடங்களைப் பென்சிலால் தாளில் குறித்து வைத்திருப்பார். தாள வாத்தியம் இல்லாத குழுவில் காலத்தை நிறுத்துகிறவரும் சுதிக்கு அடித்தளம் போடுகிறவரும் அவர்தான். அவர் கொஞ்சம் ஏறினால் மற்ற நால்வரும் ஏறியே ஆக வேண்டும். நம் செட்டுகளில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் சிறிய டியூபா போன்ற யூஃபோனியம் செய்கிறது. அது டிராம்போன் நீளம், 9 அடி. பேஸ் டிரம் அடியோடு சேர்ந்து ஒலிப்பதால் யூஃபோனியத்தைத் தனியாக யாரும் கவனிப்பதில்லை. ஒருமுறை அது நிறுத்தினால் தெரியும், மேலே இருப்பதெல்லாம் சன்னமாகிப் போவது.

இந்த ஐவர் சேர்க்கைக்கு ஆரம்ப காலத்திலேயே பெரும் பங்களிப்பைச் செய்த ஒருவர் தொழில்முறை இசைக்காரர் அல்லர் என்பது நம் பேண்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் விக்டர் ஏவால்ட், 1860இல் பிறந்து 1935இல் மறைந்தவர், பொறியியல் கல்லூரியில் கட்டுமானப் பொருள்கள் பற்றிப் பாடம் நடத்திய பேராசிரியர். வார நாளில் வகுப்பு, ஓய்வில் நண்பர்களோடு செல்லோ. அவர் எழுதிய பித்தளை ஐவர் இசை இன்றும் உலகம் முழுக்க மாணவர்கள் முதலில் படிக்கும் பாடங்களில் ஒன்று. இங்கேயும் பேண்டில் ஊதுகிறவர்களில் பலர் வேறு தொழில் வைத்திருப்பவர்கள். ஆடியும் மார்கழியும் முகூர்த்தம் இல்லை, தவக்காலத்தில் கிறிஸ்தவ ஊர்களில் கொட்டு இல்லை. வருடம் முழுக்க உதட்டை நம்பிச் சோறு சாப்பிடுவது கடினம். வேறு தொழில் செய்வதால் ஊதுகிறவர் அரைகுறைக் கலைஞர் என்றாகிவிடாது.

ஏவால்டுக்குப் பிறகு இந்த வடிவம் மேடைக்கு ஏற இன்னும் கொஞ்ச காலம் ஆயிற்று. 1951இல் இலண்டனில் டிரம்பெட் கலைஞர் ஃபிலிப் ஜோன்ஸ் தன் குழுவைத் தொடங்கினார். 1970இல் டொராண்டோவில் கனேடியன் பிராஸ் உருவானது. டியூபா வாசிக்கும் சக் டேலன்பாக், டிராம்போன் வாசித்த ஜீன் வாட்ஸ் இருவரும் அதைத் தொடங்கியவர்கள். ஒரு டியூபாகாரரின் பெயரை உலகம் தெரிந்து வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழு அரங்கின் நடுவழியே ஊதியபடி நடந்து வந்து மேடை ஏறுவதும், வாசிப்பவர்களே ரசிகர்களிடம் பேசுவதும் பிரசித்தம். ஊதியபடி நடப்பது நம் பேண்டு தினமும் செய்வது; பேசுவதைத்தான் நாம் இன்னும் அவர்களிடம் கேட்டுப் பெறவில்லை.

மேற்கத்திய பேண்டு இசையை நமதாக்கிக்கொள்வதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. தஞ்சை இரண்டாம் சரபோஜி, 1798 முதல் 1832 வரை அரியணையில் இருந்தவர், தன் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு வைத்திருந்தார். அதன் இசைக் கையெழுத்துப் படிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அதே காலத்தில் முத்துசுவாமி தீட்சிதர், கம்பெனியாரின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தில் சமஸ்கிருதச் சாகித்தியம் போட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார். ஏறக்குறைய நாற்பது கிடைக்கின்றன. பேண்டுக்கும் கர்நாடக இசைக்கும் நடுவே அவர் போட்ட பாலத்தில் நடந்துபோக இன்றும் சுலபம், ஏனென்றால் கமகம் இல்லாமலே நிற்கும்படிதான் அவை கட்டப்பட்டிருக்கின்றன. பல பித்தளைக் கருவிகளின் இயல்பான சுதி நம் கணக்கில் ஆறரைக் கட்டை. டிரம்பெட், டிராம்போன், யூஃபோனியம் மூன்றும் அதில் சௌகரியமாக நிற்கும். பாட்டுக்காரர் வேறு கட்டையில் கேட்டால் வால்வுகளுக்கு வேலை கூடும், அவ்வளவே.

கருவிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்பவர்களுக்கு: இந்தியப் பேண்டுகளின் பித்தளைக் கருவிகள் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்து மீரட்டின் ஜாலி கோட்டிப் பகுதிப் பட்டறைகளில் தட்டி வளைத்துப் பற்றவைத்தவை. அங்கிருந்து இந்தக் கரைக்கு வந்ததும் இரண்டு பகை காத்திருக்கிறது: வெப்பமும் உப்பும்.

வெப்பம் சுதியைக் கெடுக்கும். காற்றில் ஒலியின் வேகம் ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் வினாடிக்கு 0.6 மீட்டர் கூடும். 20 டிகிரியில் 343 மீட்டர் என்றால் 35 டிகிரியில் 352. குழாய்க்குள் காற்று சூடாகச் சூடாகச் சுரம் ஏறும். மே மாத நடுப்பகலில் பாம்பனில் நிற்கும் டிரம்பெட் காலையில் சேர்த்த சுதியில் இருக்காது. ஊதுகிறவர் சுதிக்குழாயை அரை விரற்கடை வெளியே இழுத்து நீளத்தைக் கூட்டித்தான் பழைய இடத்துக்கு வருவார். ஐந்தும் ஒரே அளவில் ஏறாது. சின்னக் கருவி சீக்கிரம் சூடேறும், டியூபா மெல்ல ஏறும். பாட்டுக்குப் பாட்டு நடுவே ஐவரும் குனிந்து எதையோ இழுத்து நுழைத்துக்கொண்டிருப்பது இதற்காக. கூடவே ஒரு சிறு நெம்புகோலை அழுத்திக் கீழே நீரை ஊதி விடுவார்கள். பார்ப்பவர்கள் எச்சில் என்று முகம் சுளிக்கிறார்கள்; அதில் பெரும்பங்கு எச்சில் அல்ல, சூடான மூச்சு குழாயின் சுவரில் பட்டுக் குளிர்ந்து நீரானது. அதை விடாவிட்டால் சுரத்தில் கொப்பளிக்கிற சத்தம் சேரும்.

உப்பு கருவியையே தின்னும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் துத்தநாகம் அரித்துப் போய்ச் செம்பு மட்டும் மிஞ்சும்; தகட்டில் செந்நிறப் புள்ளிகள் தெரிந்தால் உள்ளிருந்து அரிப்பு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். திருவிழாவுக்கு முந்தின நாள் புளி போட்டுத் தேய்த்தால் வெளியே மினுக்கும், மேற்பூச்சு போய்விடும், அடுத்த மாதம் இன்னும் வேகமாகக் களிம்பேறும். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, குழாய்க்குள் செல்லும் நீள பிரஷ், வால்வுக்கு அதற்கான மெல்லிய எண்ணெய், கடைசியில் நன்றாக ஈரம் துடைத்துத் துணிப்பையில் வைப்பது. இதற்கு மேல் பெரிய செலவில்லை. நேரம்தான் வேண்டும், மூன்று திருவிழாவை ஒரே வாரத்தில் முடிக்கிற செட்டுக்கு அது கிடைப்பதில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு அறிமுகத்துக்கு வருகிறேன். இந்தக் கரையில் ஐந்து நல்ல ஊதுகாரர்களைச் சேர்த்து உட்கார வைப்பது முடியாத காரியம் அல்ல. டிரம்பெட் இருவர் கிடைப்பார்கள். டியூபா இல்லாத இடத்தில் யூஃபோனியம் கீழ்ச்சுரம் தாங்கட்டும், ஹார்ன் இல்லாத இடத்தில் இன்னொரு யூஃபோனியமோ டிராம்போனோ நடுவில் நிற்கட்டும். சுரத்தைப் பிரித்து எழுதத் தெரிந்த ஒரு மாஸ்டர் இருந்தால் போதும். முதல் நாளில் சத்தம் கூடுதலாக இருக்கும். தெருவில் லாரிக்கும் வெடிக்கும் மேல் கேட்கும்படி ஊதிப் பழகியவர்கள் அறைக்குள் மெல்ல ஊத வேண்டியிருக்கிறது, அது உரக்க ஊதுவதைவிடக் கடினம். காற்று குறைந்தாலும் உதடு அதிர வேண்டும். கொஞ்ச நாள் ஒத்திகை பார்த்தால் வரும்.

அந்தக் குழு ஒரு கோவிலுக்குள்ளோ பள்ளிக்கூட மண்டபத்திலோ உட்காரும் நாளில், நோட்டீசில் செட்டின் பெயருக்குக் கீழே ஐந்து வரி வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆளின் பெயர், ஊர், கருவி, யாரிடம் கற்றார் என்பது. பேண்டுத் தொழிலில் கற்றுக்கொடுத்தவர் பெரும்பாலும் அப்பாவோ மாமாவோ பழைய மாஸ்டரோதான்; எழுத்தில் எங்கும் பதியாத பெயர்கள் அவை. மைக்கில் அறிவிப்பவர் இந்த வரிகளை வாசித்ததும், அந்தந்த ஆள் தன் கருவியில் எட்டு ஆவர்த்தனம் தனியாக ஊதட்டும். ஒரு நோட்டுஸ்வரத்தை எடுத்துக்கொண்டு, முதலில் டியூபாவோ யூஃபோனியமோ கீழ்வரியை மட்டும், அடுத்து டிராம்போன் தன் வரியை, பிறகு நடுவில் நிற்பவர், இரண்டாம் டிரம்பெட், கடைசியில் முதல் டிரம்பெட். வழக்கத்துக்குத் தலைகீழான வரிசை இது. மெட்டு வருவதற்கு முன்பே மற்ற நான்கும் கேட்டவர்கள் காதில் பதிந்துவிடும். பிறகு ஐவரும் சேர்ந்து முதலிலிருந்து.